ஹாரனக்கா மெதுவாகச் சொன்னது

அந்தப் படகுத்துறையில் அவளுக்கு ஹாரன் என்று பெயர். பெற்றவர்கள் வேறு ஏதோ நல்ல பெயராகத்தான் வைத்திருப்பார்கள், ஆனால் அதைத் தெரிந்துகொள்ள இப்போது வாக்காளர் பட்டியலைத்தான் புரட்ட வேண்டும். இளையவர்கள் மரியாதைக்கு ஓர் அக்காவைச் சேர்த்து ஹாரனக்கா என்பார்கள். அவளுக்கு அதில் மனத்தாங்கல் எதுவும் கிடையாது. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். சில சமயம் கூப்பிடாமலே பதிலும் சொல்வாள்.

அந்தத் தொண்டை சும்மா வந்துவிடவில்லை. இருபத்தாறு வருஷம் மீன் ஏலம் கூவியவள். ஒரு பக்கம் ஐஸ் உடைக்கிற இயந்திரம், ஒரு பக்கம் உறுமிக்கொண்டு நிற்கிற லாரிகள், நடுவில் நாற்பது வியாபாரிகள். அத்தனை இரைச்சலையும் தாண்டிக் கடைசி ஆள் காதில் குரல் போய் விழ வேண்டும். விழுந்தது. ஏலக்கூடத்தைப் பெரிய துறைமுகத்துக்கு மாற்றிவிட்ட பிறகு, படகுத்துறை வாசலில் ஒரு டீக்கடை போட்டுக்கொண்டாள். டீ விற்பதெல்லாம் பேருக்குத்தான். உண்மையான வேலை, சுற்றிப் பார்க்க வந்தவர்களைப் பிரித்துப் படகில் ஏற்றுவது. "பத்து மணிப் படகு! பறவை பாக்குறவங்க இடது பக்கம், டால்பின் பாக்குறவங்க வலது பக்கம்! புள்ளை கையப் பிடிங்கம்மா, அது உங்க புள்ளைதானே?" என்று அவள் ஒரு தடவை சொன்னால் போதும், கடற்கரைக் கோடியில் மணலில் படுத்திருப்பவர்கூட எழுந்து செருப்பைத் தேடுவார்.

சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் என்றால் நகரத்திலிருந்து மூன்று நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறவர்கள். கழுத்தில் பைனாகுலர், தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்ட தொப்பி, எண்ண முடியாத பாக்கெட் வைத்த கால்சட்டை. காலையில் சேற்றுத்திட்டில் நிற்கிற நீளக்கால் பறவைகளைப் பார்ப்பார்கள். மத்தியானம் கழிமுகத்தில் சின்னத் துடுப்புப் படகு விட்டுத் தலைகுப்புற விழுவார்கள். மறுநாள் கடலுக்குள் போய் டால்பின் பார்ப்பார்கள். நண்டு கொத்துகிற பறவையைப் பார்க்க ஆறு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து வருவார்களா என்று முதலில் ஊரே சிரித்தது. சிரித்து முடித்துவிட்டு மாடியில் வாடகை அறை கட்டியது.

டால்பின் படகு அவளுடைய வீட்டுக்காரருடையது. அந்த மனிதர் ஹாரனுக்கு நேர் எதிர். ஒரு வார்த்தையில் சொல்ல வேண்டியதை அரை வார்த்தையில் சொல்லிவிட்டு மீதியை மிச்சம் பிடிக்கிறவர். ஆனால் அவர் காதுக்கு அந்தக் கரையோரம் முழுக்கப் பேர் இருந்தது. வலை போட்ட காலத்தில் டால்பின் என்றால் அவருக்கு எரிச்சல். வலையைக் கிழிக்கும், மாட்டியிருக்கிற மீனைத் தலையை மட்டும் விட்டுவிட்டுத் தின்றுவிட்டுப் போகும். அதனால் வலை இறக்குவதற்கு முன்னால் இன்ஜினை அணைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். டால்பின் மேலே வந்து மூச்சு விடுகிற சத்தம், 'புஸ்' என்று, எந்தத் திசையில் கேட்கிறதோ அதற்கு எதிர்த்திசையில் படகைத் திருப்புவார். பனிமூட்டத்திலும் தப்பாது. சுற்றிப் பார்க்கிறவர்கள் வர ஆரம்பித்ததும் அதே வித்தையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். முன்பு விலகிப் போவதற்காகக் கேட்டார், இப்போது கிட்டப் போவதற்காகக் கேட்கிறார்.

இவ்வளவு பேர் பெற்ற காதுக்காரர் தன்னிடம் மட்டும் மூன்று வருஷமாக முகம் கொடுத்துப் பேசவில்லை என்பதுதான் ஹாரனின் மனக்குறை. ஊருக்குத் தெரியாது. டீக்கடையில் அவள் அடிக்கிற கூத்தைப் பார்க்கிறவர்கள், இவளுக்கு என்ன கவலை, காலாட்டிக்கொண்டு இருக்கிறாள் என்று போவார்கள். அவளுக்குத்தான் தெரியும். ஒரு தப்புச் செய்தாள், அதை அவர் மன்னிக்கவில்லை.

நடந்தது இதுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருக்குக் குடலிறக்கம் வந்து ஆஸ்பத்திரியில் போட்டிருந்தார்கள். அறுவை முடிந்ததும் டாக்டரம்மா ஹாரனை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, இனிமேல் இவர் பாரம் எதுவும் இழுக்கக் கூடாது, இழுத்தால் மறுபடி இங்கேதான் வரவேண்டும், அப்போது இவ்வளவு சுலபமாக இருக்காது என்று சொன்னார். தன் வீட்டுக்காரரை ஹாரனுக்குத் தெரியும். டாக்டரம்மாவிடம் பூம்பூம் மாடு மாதிரித் தலையை ஆட்டுவார், நாலாம் நாள் வலையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொள்வார். அவர் கட்டிலில் கிடக்கும்போதே, அடுத்த ஊர்க்காரர் ஒருவரை வரவழைத்து வலையைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். விற்றாள் என்பதைவிடக் கண்ணுக்கு மறைவாகத் தள்ளிவிட்டாள் என்று சொல்வதுதான் சரி.

அது சாதாரண வலையாக இருந்தால் போகட்டும் என்று விடலாம். இருபது வருஷம் அவரே கிழிசல் பார்த்துப் பார்த்து முடிச்சுப் போட்டுச் சரிசெய்தது. கையில் கிடைத்த நூலில் முடிந்ததால் பச்சையும் நீலமும் மஞ்சளுமாக ஒரே ஒட்டு. எந்த ஒட்டைத் தொட்டாலும் கதை சொல்வார். இது பாறையில் மாட்டியது, இது ஓங்கில், அதாவது டால்பின், கிழித்தது, இது பொண்ணு பொறந்த வாரம் கடலுக்குப் போகாமல் உட்கார்ந்து முடிந்தது. வாயைத் திறக்காத மனிதர் வாயைத் திறந்தது அந்த வலையின் மேல் கை இருந்தபோதுதான். அது ஹாரனுக்குத் தெரியாததல்ல. தெரிந்துதான் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்த அன்று, வண்டியிலிருந்து இறங்கியதும் நேராகக் கீழே வலைக்கொட்டகைக்குப் போனார். வீடு மாடியில், கொட்டகை கீழே. சுவரில் வரிசையாக அடித்த மர முளைகள், அவற்றில் வலை இல்லை. ஹாரன் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். திட்டுவார், கையில் கிடைத்ததைத் தூக்கி எறிவார், நாமும் நாலு கத்துக் கத்தலாம், அழலாம், ஒருவழியாக முடிந்துவிடும் என்று தயாராக இருந்தாள். அவர் முளைகளைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். வெளியே வந்தார்.

"டீ இருக்கா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு வலை என்ற வார்த்தையே அந்த வீட்டில் எழவில்லை. முளைகளில் இப்போது சுற்றிப் பார்க்கிறவர்கள் போட்டுக் கழற்றிய ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்டுகள் சொட்டிக்கொண்டு தொங்குகின்றன.

ஹாரன் ஒரே ஒரு தடவை மன்னிப்புக் கேட்டாள். வலை போய் ஐந்தாறு மாதம் இருக்கும். மத்தியான நேரம், படகைச் சரிவில் ஏற்றிவிட்டு அவர் குனிந்து அடிப்பலகையில் ஒட்டியிருந்த சிப்பியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். இவள் பின்னால் போய் நின்றாள். மன்னிப்பைக் கூவிக் கேட்க முடியாது. அது ஏலம் இல்லை. வாழ்க்கையிலேயே முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தி, "உங்களக் கேக்காம வலையக் கொடுத்தது தப்புதாங்க. மன்னிச்சுடுங்க" என்றாள். அவர் திரும்பவில்லை. கை நிற்கக்கூட இல்லை. ஒரு பலகை முழுவதும் சுரண்டி முடிகிற வரைக்கும் அவள் அங்கேயே நின்றாள். அவர் அடுத்த பலகைக்குப் போனதும் இவள் கடைக்குப் போய்விட்டாள். அன்றைக்கு டீயில் சர்க்கரை போட மறந்து எல்லாரிடமும் வாங்கிக்கட்டிக்கொண்டாள்.

மனிதருக்குக் கல் மனசு என்று முடிவு கட்டியாகிவிட்டது. அதற்குப் பிறகு ஆதாரத்துக்குப் பஞ்சமே இல்லை. சாப்பிட வாருங்கள் என்று அடுப்படியிலிருந்து சொன்னால் வரமாட்டார், எதிரே போய்த் தட்டை வைத்தால்தான் திரும்புவார். வீம்பு. இவள் பேச ஆரம்பித்தால் டிவி சத்தத்தைக் கூட்டுவார். இவள் பேச்சைக் கேட்கப் பிடிக்கவில்லை, வேறென்ன? எதைக் கேட்டாலும் ஒரு 'ம்'. மகள் வந்திருக்கிறாள் என்றாலும் 'ம்', மேல்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி உடைந்துவிட்டது என்றாலும் அதே 'ம்'. ஹாரனுக்கும் ரோஷம் இல்லாமலா போய்விடும்? கொஞ்சம் கொஞ்சமாக அவளும் வீட்டுக்குள் குரலைச் சுருக்கிக்கொண்டாள். தொண்டையைத் துறையிலேயே இறக்கி வைத்துவிட்டு மாடியேறினாள். மற்றவர்கள் வீட்டில் கத்திக்கொண்டு வெளியே அடக்கமாக இருப்பார்கள், இவள் கதை தலைகீழாக ஆயிற்று.

இப்படி இருக்கும்போதுதான் மைக்காரர் வந்தார். அவரும் சுற்றிப் பார்க்க வந்தவர்தான், ஆனால் கண்ணால் பார்க்க வந்தவர் இல்லை. சத்தம் பிடிக்க வந்தவர். ஊர் ஊராகப் போய்ப் பறவை கத்துவது, தவளை கத்துவது, மூங்கில் உரசுவது எல்லாவற்றையும் பதிவு செய்து வைத்துக்கொள்கிற பைத்தியம் ஒன்று உண்டாம். ஒல்லியான மனிதர், முப்பது வயதுக்கு மேல் இருக்காது. நீளக் கம்பு, அதன் முனையில் நாய்க்குட்டி வால் மாதிரி முடி வைத்த மைக், தோளில் ஒரு பெட்டி, தலையில் பெரிய ஹெட்போன். முதல் நாள் விடிந்ததும் சேற்றுத்திட்டு ஓரம் உட்கார்ந்து கடல்புறாக்களைப் பிடித்துக்கொண்டிருந்தார். பத்து மணிக்கு முகம் செத்துப்போய் டீக்கடைக்கு வந்தார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. ஒரு நிமிஷம் இதக் கேளுங்க" என்று ஹெட்போனை அவள் காதில் வைத்தார்.

அலை வந்து மணலில் பரவுகிற சத்தம். கடல்புறா ஒன்று கூப்பிட்டது. இன்னொன்று பதில் சொன்னது. தண்ணீர் சேற்றிலிருந்து வடிகிற முணுமுணுப்புக்கூடக் கேட்டது. ஹாரன் சொக்கிப்போய் நின்றாள். அப்போது அதன் நடுவே இடி விழுந்த மாதிரி, "ஒன்பது மணிப் படகு! தொப்பி போட்ட அண்ணே, உங்களத்தான்!"

ஹாரன் ஹெட்போனைப் பிடுங்கிப்போட்டாள். "ஐயையோ, யாருங்க அது?"

"நீங்கதான் அக்கா."

"நானா? நான் இப்பிடியா கத்துறேன்?"

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் அன்றைக்கு முழுவதும் படகுக்கு ஆள் கூப்பிடும்போது வாயில் கை வைத்துக் கொஞ்சம் அடக்கியே கூப்பிட்டாள். இரண்டு பேர் படகைத் தவறவிட்டார்கள்.

மைக்காரருக்கு வேண்டியிருந்தது டால்பின் மூச்சு. அதுவும் இன்ஜின் சத்தம், ஆள் சத்தம் கலக்காமல். யாரைக் கேட்டாலும் ஹாரனின் வீட்டுக்காரரைத்தான் கை காட்டினார்கள். மறுநாள் விடிகாலை தனிப்படகு என்று பேச்சாயிற்று. படகுக்காரருக்குக் கூட மாட வேலை செய்கிறவன் ஹாரனின் தம்பி. கயிறு அவிழ்ப்பது, கட்டுவது, வருகிறவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுவது அவன் பொறுப்பு. அன்றைக்குச் சாயங்காலம் பார்த்து அவன் கட்டைவிரலைப் படகைக் கரையேற்றுகிற விஞ்ச் இயந்திரத்தில் கொடுத்து, நாலு தையலோடு கையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான்.

"அக்கா, நாளைக்கு நீ போ" என்றான்.

"எனக்கும் கடலுக்கும் ஆகாதுன்னு உனக்குத் தெரியாதா? வேற ஆளே கிடைக்கலியா?"

கல்யாணமான முதல் மாதம் வீட்டுக்காரர் ஆசையாகப் படகில் ஏற்றிக்கொண்டு போனார். துறைமுகச் சுவரைத் தாண்டுவதற்குள் காலையில் சாப்பிட்டது, முந்தின நாள் சாப்பிட்டது எல்லாவற்றையும் கடலுக்குக் கொடுத்துவிட்டாள். அதோடு சரி. முப்பத்தைந்து வருஷமாகக் கடலில் வந்ததைத் தின்று, கடலில் வந்ததை விற்று, கடலைக் கரையிலிருந்தே பார்த்துக்கொண்டவள்.

"வேற ஆள் வேணாம்" என்றான் தம்பி. ஏனோ அவள் கண்ணைப் பார்க்காமல் சொன்னான். "நீதான் போகணும். ஒண்ணு மட்டும் கேட்டுக்க. மாமா பின்னாடி சுக்கான்கிட்ட நிப்பாரு. நீ அவரு கண்ணுல படுற மாதிரி முன்னாடி உக்காரு. டால்பின் மூச்சு எந்தப் பக்கம் கேக்குதோ, அந்தப் பக்கம் கையக் காட்டு."

"அவருக்கே நான் கை காட்டணுமா? நல்லா இருக்குடா கதை."

"காட்டுன்னா காட்டுக்கா. கேள்வி கேக்காத."

மறுநாள் மெல்லிய பனி. கடல் எண்ணெய் ஊற்றிய மாதிரி அசையாமல் கிடந்தது. படகில் ஹாரனைப் பார்த்ததும் மைக்காரருக்கு நெஞ்சே நின்றுவிட்டது போலிருந்தது. "அக்கா… நீங்களும் வர்றீங்களா?" என்றார்.

"பயப்படாதீங்க தம்பி. வாயத் திறந்தா வாந்திதான் வரும். அதனால திறக்க மாட்டேன்" என்று சொல்லி, ஒரு பிளாஸ்டிக் வாளியை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் போய் உட்கார்ந்தாள். படகுக்காரர் அவளையும் வாளியையும் ஒரு பார்வை பார்த்தார். இன்ஜினைக் கிளப்பினார்.

முனையைத் தாண்டி அரை மணி நேரம் போனார்கள். ஹாரன் வாளிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, தம்பியின் மற்ற ஒன்பது விரல்களையும் மனதார விஞ்சுக்கு நேர்ந்துவிட்டுக்கொண்டிருந்தாள். பிறகு இன்ஜின் நின்றது. அவ்வளவு பெரிய அமைதியை அவள் கேட்டதே இல்லை. கேட்பதற்கு வழியும் இல்லை, அவள் இருக்கிற இடத்தில் அமைதி இருக்காது. மைக்காரர் கம்பை நீட்டிப் பிடித்துக்கொண்டு மூச்சைக்கூட எண்ணி விட்டார். பின்னால் வீட்டுக்காரர் எழுந்து நின்று கண்ணை மூடினார். இந்த நிற்பைப் பற்றி ஊர் சொல்லக் கேட்டிருக்கிறாளே தவிர, பார்த்ததில்லை. தலை லேசாகச் சாய்ந்து, முகம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. என் மேல் கோபமில்லாமல் இந்த முகத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்தாள்.

இடது பக்கம் கேட்டது. 'புஸ்.' நீளமான பெருமூச்சு. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. மைக்காரர் கம்பை அந்தப் பக்கம் திருப்பினார். மறுபடி 'புஸ்', கூடவே சின்னதாக இன்னொன்று. ஹாரன் பூரிப்போடு வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தாள்.

அவர் முகம் வலது பக்கம் இருந்தது. கண்ணைத் திறந்து, தூரத்தில் தண்ணீர் மேல் தாழப் பறந்த கடல்புறாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பொறுங்க, இந்தப் பக்கம் வரும்" என்றார் மெதுவாக. அவர் சொல்லும்போதே இடது பக்கம் மூன்றாவது மூச்சு, முன்னைவிடக் கிட்டத்தில், படகிலிருந்து கல்லெறிகிற தூரத்தில். அவர் இமைகூட அசையவில்லை. மைக்காரர் அவரையும் இடது பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

தம்பி சொன்னது அப்போதுதான் ஹாரனுக்கு நினைவு வந்தது. கையைத் தூக்கி இடது பக்கம் காட்டினாள். அந்தக் கையைக் கண்ட அதே நொடி வீட்டுக்காரர் இடது பக்கம் திரும்பி, ஏதோ தானே கேட்ட மாதிரி, "அதோ" என்றார்.

அவளுக்கு வாந்தி நின்றுவிட்டது. வாளி மடியிலிருந்து நழுவியது.

டால்பின்கள் வந்தன. நாலைந்து இருக்கும். சாம்பல் நிற முதுகுகள் எழும்பி வளைந்து முங்கின. ஒரு குட்டி தாயை ஒட்டிக்கொண்டு, தாய் மூச்சு விட்டால் தானும் விட்டது. சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் ஆறு மணி நேரம் பஸ்ஸில் வருவது இதற்காகத்தான். ஹாரன் அதைப் பார்க்கவில்லை. அவள் தன் வீட்டுக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருஷம் அந்த டீசல் இன்ஜின் மேலேயே உட்கார்ந்திருந்த மனிதர். டிவி சத்தம், அடுப்படி, ஒவ்வொரு 'ம்'மும் ஒவ்வொன்றாக அவள் தலைக்குள் இடம் மாறி உட்கார்ந்துகொண்டிருந்தது.

மைக்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆசைதீரப் பிடித்து முடித்ததும், ஊர் புகழ்கிற காதுக்கு மரியாதை செய்ய நினைத்தாரோ, அல்லது அவருக்கும் ஏதாவது புரிந்துவிட்டதோ, ஹெட்போனைக் கழற்றிப் படகுக்காரரிடம் நீட்டினார். "அண்ணே, நீங்களும் கேளுங்க."

படகுக்காரர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். மைக்காரர் விடவில்லை, தானே மாட்டிவிட்டார். பெட்டியில் ஒரு திருகை மெல்லத் திருப்பினார், அவர் முகத்தைப் பார்த்தார், இன்னும் கொஞ்சம் திருப்பினார்.

படகுக்காரர் பலகையில் உட்கார்ந்துவிட்டார். நின்றவர் அப்படியே மடங்கி உட்கார்ந்தார். கை இரண்டும் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டன. "ஒண்ணு" என்றார். "ரெண்டு. அது குட்டி. குட்டி இருக்கு." கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கித் தாடிக்குள் போயிற்று. துடைக்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

மைக்காரர் அதைப் பார்க்கக் கூசிக்கொண்டு, கம்பைப் பலகை மேல் சாய்த்து வைத்துவிட்டுக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். முடி வைத்த முனை ஹாரனின் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து கிடந்தது. அது அவளுக்குத் தெரியாது. அவள் தனக்குத்தானே முனகினாள். உதடு பிரிந்ததா என்பதே சந்தேகம்.

"அப்ப, அன்னிக்கு நான் சொன்னதும் உங்களுக்குக் கேக்கலியா?"

வீட்டுக்காரர் விருட்டென்று அவளைப் பார்த்தார். "என்னிக்கு?" என்றார். ஹெட்போன் மாட்டியவர் குரலின் அளவு தெரியாமல் அது கத்தலாக வந்தது. டால்பின்கள் ஒரே முங்காக முங்கின.

ஹாரன் திடுக்கிட்டாள். அவரைப் பார்த்தாள், கீழே கிடந்த மைக்கைப் பார்த்தாள். பிறகு குனிந்து அதைக் கோழிக்குஞ்சைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் தூக்கி வாய்க்குக் கிட்டே வைத்துக்கொண்டாள்.

"சரிவுல படகு சுரண்டிக்கிட்டு இருந்தீங்களே, அன்னிக்கு. நான் பின்னாடி வந்து நின்னேன்."

"என்ன சொன்ன?"

"உங்களக் கேக்காம வலையக் கொடுத்தது தப்புன்னு சொன்னேன். மன்னிச்சுடுங்கன்னு சொன்னேன். நீங்க திரும்பவே இல்ல." அவள் மைக்கை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "நான் அங்கேயே நின்னேங்க. ரொம்ப நேரம் நின்னேன்."

மைக்காரர் பெட்டியைத் தொடலாமா வேண்டாமா என்று தவித்து, தொடாமல் இருந்தார்.

"கோவம் இருந்துச்சு" என்றார் படகுக்காரர். அந்தக் கரையோரத்திலேயே குறைவாகப் பேசுகிற மனிதர், கடலுக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி கத்தினார். "இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஒரு வாரம் இருந்துச்சு. பத்து நாள்னு வச்சுக்க. நீ கத்துவ, நானும் கத்துவேன், முடிஞ்சுடும்னு காத்துக்கிட்டு இருந்தேன். நீ கத்தவே இல்ல. வர வர உன் சத்தமே இல்லாமப் போச்சு. காது மந்தமாகுதுன்னு எனக்கும் தெரிஞ்சுது, ஆனா துறையில நீ ஊருக்கெல்லாம் கத்துறது கேக்குதே! வீட்டுக்கு வந்தா வாய மட்டும் அசைக்கிற. வலை இழுக்க முடியாதவன்கிட்ட எதுக்குத் தொண்டைய வீணடிக்கணும்னு நீ என்னை விட்டுட்டன்னு நெனச்சேன்."

இவர் திரும்பவில்லை என்று ஹாரன் அழுத மூன்று வருஷமும், அவள் கத்தவில்லை என்று இவர் உள்ளுக்குள் ஒடுங்கிக் கிடந்திருக்கிறார். ஒரே மாடியில், ஒரே சுவருக்குள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். மூக்கை உறிஞ்சினாள். அந்த உறிஞ்சலும் அவருக்குக் கேட்டது, ஏனென்றால் அவர் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைக் கண்டதும்தான் அவளுக்குக் கோபம் வந்தது. மைக்கை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டு, அன்றைக்கு மன்னிப்புக் கேட்ட அதே தாழ்ந்த குரலில் ஆரம்பித்தாள். காது கேட்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் வாய் முத்து உதிர்ந்துவிடுமா என்று கேட்டாள். தம்பிக்குத் தெரியலாம், கட்டிக்கொண்டவளுக்குத் தெரியக் கூடாதா என்று கேட்டாள். எதிரே எதுவும் தெரியாத பனியில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு வந்து, வேறு படகு ஹாரன் அடித்தால் எதை வைத்துக் கேட்பீர்கள் என்று கேட்டாள். இன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும், நாளைக்கு என்ற பேச்சே கிடையாது என்றாள். ஆறிப்போன சாப்பாடு, ஊரதிர வைத்த டிவி, தொட்டி உடைந்ததற்குச் சொன்ன 'ம்' என்று ஒன்றுவிடாமல் எடுத்தாள். மூன்று வருஷத்துப் பாக்கி அவ்வளவும் மெல்லிய குரலில், பக்கத்தில் படுத்துக்கொண்டு சொல்கிற குரலில், அந்த முடி மைக்குக்குள் போயிற்று. அவர் கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்து, அப்படியே கேட்டுக்கொண்டிருந்தார்.

மைக்காரர் ரொம்ப நேரம் பொறுத்துப் பார்த்தார். வெயில் ஏறிவிட்டது. பனி விலகித் தூரத்தில் கரை தெரிந்தது. கடைசியில் பக்கத்தில் வந்து, ஹெட்போனைக் காட்டி, கழற்றிக்கொள்ளட்டுமா என்று ஜாடையில் கேட்டார்.

படகுக்காரர் கண்ணைத் திறக்காமலே கையை உயர்த்தித் தடுத்தார்.

"கொஞ்சம் இருங்க தம்பி. இவ இன்னும் திட்டி முடிக்கல."